முப்பத்தெட்டு கவுண்ட்

நான் கழுதைக் கட்சி.
இதில் ஒளிவு மறைவு இல்லை.
இந்தப் பக்கம் ஆரம்பாக்கம், அந்தப் பக்கம் தடா,
நடுவில் எட்டு ஏக்கர் உப்புத்தண்ணீர்க் குட்டை.
கரைமேல் எடைத்தராசு. தராசுக்குப் பக்கத்தில் நான்,
காதில் பேனா.

ரமணய்யா யானைக் கட்சி.
மருமகன் ஒஹாயோவில் வீடு வாங்கியதிலிருந்து யானை.
அதற்கு முன்னால் அவருக்கு
எந்த மிருகத்தின் மேலும் அபிப்பிராயம் இருந்ததில்லை.

இன்றைக்கு இறால் பிடிப்பு.
இன்றைக்கே விவாதமும்.
அவர்களுக்கு ராத்திரி ஒன்பது,
கோட்டில் ஒரு மடிப்பில்லாமல் நிற்கிறார்கள் இருவரும்.
நமக்குக் காலை ஆறரை, தொடைவரை சேறு.
ஐஸ் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்தேன்.
ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவர், மறு நிமிஷம் ஆந்திரா டவர்.
ஆந்திராவுக்கு நல்வரவு என்று ஒரு மெசேஜ் வந்து
எங்கள் வேட்பாளரின் முகத்தை மறைத்தது.
‘மூஞ்சி காட்டவே வக்கில்ல, இதுல நாடாளப் போறாங்களாம்.
கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பாயி ரொம்ப நாளாச்சய்யா’
என்றார் ரமணய்யா, தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடித்து.

யானை ஆள் கையை அகல விரித்தார்.
வெளியிலிருந்து வருவது எதுவானாலும் வரி, என்றார்.
கைதட்டல்.
அந்த எதுவானாலுமுக்குள்
நான் பார்த்தேன் ஐயா,
எங்கள் நான்கு காற்றுச் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன,
தீவன மூட்டைகள் அடுக்கியிருந்தன,
முனிரத்தினம் அடகு வைத்த அவர் மச்சினியின் காசுமாலை
பச்சைத் துணிப்பையில் கிடந்தது.

‘போன தடவை உன் கழுதையும்தானே வரி போட்டுச்சு?’
போட்டது. ஒத்துக்கொள்கிறேன்.
ஆனால் உதைத்துவிட்டு அது வெட்கப்பட்டது.
இந்த ஆள் உதைப்பதையே பேச்சாக வைத்திருக்கிறார்.
வித்தியாசம் புரியாதவரோடு என்ன வாதாட,
இருந்தும் வாதாடினேன்,
மூன்று கூடைகளின் எடையை எழுத மறந்து.

ஒன்றரை மணி நேரம்.
இறால் என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை.
எங்கள் ஆளும்தான்.
அது எனக்குக் கொஞ்சம் வலித்தது,
ரமணய்யாவிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வலையிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்த தேசம்மா கேட்டாள்:
‘அவங்க தலையத் தின்ன மாட்டாங்களாமே, நெசமா?’
நெசம்தான் என்றேன்.
‘அப்ப ருசியே தெரியாதே அவங்களுக்கு.’
சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டாள்.
அவள் எந்தக் கட்சி என்று இதுவரை தெரியவில்லை.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
நவம்பருக்கு இன்னும் எத்தனையோ வாரம்,
யானை இன்னும் தெருமுனைக்கே வரவில்லை.
எட்டே காலுக்குக் கம்பெனி ஏஜெண்ட் அழைத்தார்:
முப்பத்தெட்டு கவுண்டுக்குக் கிலோவுக்குப் பதினெட்டு ரூபாய் குறைவு,
மார்க்கெட் பயந்திருக்கு, சார்.
இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ.
பதினெட்டால் பெருக்கிக் கணக்குப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதினேன்:
முப்பத்தெட்டாயிரத்து ஐநூற்று இருபது.
மணியோசைக்கு மட்டும்.

ரமணய்யா எட்டிப் பார்த்தார்.
அவருக்கும் இந்தக் குட்டையில் கால் பங்கு உண்டு.
சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு, ‘பேச்சுக்குச் சொல்லுவாங்க,
ஜெயிச்சா செய்ய மாட்டாங்க’ என்றார்.
ஒரு கட்சிக்காரன் தன் தலைவனுக்குச் செய்யும்
கடைசி மரியாதை அது.

இவ்வளவு பேசுகிறேனே,
தடாவில் வீடு மாற்றியபோது அங்கே என் பெயரை நீக்கினார்கள்.
ஆரம்பாக்கத்தில் சேர்க்க மூன்று முறை மனு கொடுத்தேன்.
இரண்டு பட்டியலிலும் நான் இல்லை.
போன தேர்தலில் எல்லார் விரலிலும் மை,
என் விரலில் மட்டும் இறால் முள் குத்திய காயம்.

லாரி கிளம்பிவிட்டது. ஐஸ் உருகி
ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போகிறது, துறைமுகம் வரைக்கும்.
நாளைக்கு அடுத்த குட்டை.
ரமணய்யா டீ வாங்கி வந்திருக்கிறார், எனக்குச் சர்க்கரை தூக்கலாக.
குடிப்பேன்.
ஆனாலும் என் ஓட்டு கழுதைக்குத்தான்.